நிறம் மாறவில்லை என்று நான் எழுதியது

என் பெயர், கணவர் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை இந்தத் தாளின் தலைப்பில் எழுத்தர் நிரப்பியிருக்கிறார், அவை சரியே. வயது இருபத்தொன்பது. உணவு வேதியியலில் பட்டம் பெற்றிருக்கிறேன். பழச்சாறு அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஐந்து ஆண்டுகளாக ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். மூன்று வயது நிறையாத ஒரு மகன் உண்டு. பதினொரு நாட்களுக்கு முன்பு இதே நிலையத்தில், இதே மேசையில், ஒரு புகார் கொடுத்தேன். அதில் கண்டவை உண்மை என்று அன்றும் கையெழுத்திட்டேன். அவை உண்மையல்ல. அதனால் இம்முறை எழுத்தர் எழுத நான் சொல்வதற்குப் பதிலாக, என் கைப்பட எழுதித் தர அனுமதி கேட்டேன். ஆய்வாளர் அம்மா அனுமதித்தார். "நடந்ததை நடந்தபடி வரிசையா எழுதுங்க. அழுதா மை கலைஞ்சுடும். எழுதி முடிச்சிட்டு அழுங்க" என்றார்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தையல் கடையின் மாடியில், நாற்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவர் குழந்தைகள் காப்பகம் நடத்தி வந்தார். முன்பு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குப் பட்டன் தைத்தவர். குழந்தைகள் எண்ணிப் பழகுவதற்காக உள்ளங்கை அகலப் பட்டன்களைக் கயிற்றில் கோத்துச் சுவரில் கட்டியிருப்பார். அதனால் குழந்தைகளுக்கும் எங்களுக்கும் அவர் பட்டனம்மா. ஆறு குழந்தைகள் இருந்தார்கள். என் மகன் பத்து மாதத்திலிருந்து அங்கேதான் வளர்ந்தான். முதல் அடி எடுத்து வைத்தது அந்த மாடியில்தான். நான் அப்போது வேலையில் இருந்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு மாலை மகனை அழைக்கப் போனபோது, குழந்தைகள் ஆளுக்கொரு ஜூஸ் பாக்கெட் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் மகன் கையிலிருந்ததைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பாதி வெட்டிய ஆரஞ்சுப் படம், சொட்டுகளோடு. பின்பக்கம் பழச்சாறு நூற்றுக்குப் பத்து, மீதி தண்ணீர், சர்க்கரை, புளிப்புக்கு அமிலம், நிறம், மணம். மற்ற குழந்தைகளின் எதிரிலேயே பட்டனம்மாவுக்கு வகுப்பு எடுத்தேன். படத்தை நம்பக் கூடாது, படம் வரைகிறவருக்குப் பழத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். சேர்மானப் பட்டியலில் எது முதலில் வருகிறதோ அதுதான் அதிகம் இருக்கிறது, அதில் சர்க்கரை இரண்டாவதாக வந்தால் அது ஜூஸ் இல்லை, சர்க்கரைத் தண்ணீர் என்றேன். 'பானம்' என்று போட்டிருந்தால் ஒன்று, 'நூறு சதவீதம் சாறு' என்று போட்டிருந்தால் வேறொன்று; அந்த நூறு சதவீதத்திலும் பழத்தின் சர்க்கரை இருக்கும், நார் இருக்காது, அதனால் அதையும் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் முழுவதையும் நின்று கேட்டார். அதன் பிறகு, "இவ்ளோ பாடம் எதுக்கும்மா? ஒரு பழத்தை நறுக்கிக் கையில கொடுத்தா முடிஞ்சுது" என்றார். அவர் சொன்னது சரி. சரி என்பதாலேயே எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் ஒரு தாளில் ஏழு விதிகள் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழாவது விதி: என் மகனுக்கு நான் அனுப்புவதைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது, நான் அனுப்புவதை மீதி வைக்காமல் கொடுக்க வேண்டும். கடைசிச் சொற்களின் கீழே இரண்டு கோடு போட்டேன். பட்டனம்மா அதை வாங்கிக் கை கழுவும் தொட்டிக்கு மேல் ஒட்டி வைத்தார். இப்போது அது நீங்கள் கைப்பற்றிய பொருட்களில் நான்காவது.

புகார் கொடுத்த அன்று, ஜூஸ் சோப்பு மாதிரி இருந்தது என்று பட்டனம்மா சொன்னதை வைத்து ஆய்வாளர் அம்மா, "ஜூஸ் கம்பெனில சோப்புக்கு என்ன வேலை?" என்று பொதுவாகக் கேட்டார். நான் மகனின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன். அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலைக்குப் பழம் வருவதில்லை. வேறெங்கோ பிழிந்து, நீரை வற்றவைத்து, கூழாக உறையவைத்த சாறு பீப்பாய்களில் வரும். அதை இளகவிட்டு, சுத்திகரித்த தண்ணீரைச் சேர்த்துப் பெரிய தொட்டியில் கலப்போம். நூறு சதவீதச் சாறு என்றால் போன தண்ணீரைத் திரும்பச் சேர்ப்பதோடு சரி. பானம் என்றால் சர்க்கரைப் பாகும் அமிலமும் மணமும் சேரும். அதன் பிறகு சில விநாடிகள் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடாக்கி, உடனே குளிரவைத்து, காற்றுப் படாத இயந்திரத்தில் பாக்கெட்டில் அடைப்போம். அடைக்கும் இயந்திரத்தில் ஆறு குழாய் முனைகள் உண்டு. எங்கள் ஆட்கள் அவற்றை மூக்கு என்பார்கள். ஒரு வகைச் சாறு முடிந்து அடுத்தது தொடங்குமுன் தொட்டி, சூடாக்கும் கருவி, மூக்குகள் எல்லாவற்றையும் காஸ்டிக் சோடா கரைத்த சுடுநீரால் கழுவி, அதன் பிறகு நல்ல தண்ணீரை ஓடவிடுவார்கள். சோடா முழுவதும் போய்விட்டதா என்று பார்ப்பது ஆய்வகத்தின் வேலை, அதாவது என் வேலை. வழிந்து வரும் தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்து ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். சோடா மிச்சமிருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். இல்லாவிட்டால் 'நிறம் மாறவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதை மூன்று இடங்களில் செய்ய வேண்டும்: தொட்டி, சூடாக்கி, மூக்குகள்.

அதன் பிறகு சாற்றைத் திறப்பார்கள். குழாயில் தண்ணீர் நிற்பதால் முதலில் வரும் பாக்கெட்டுகளில் தண்ணீரும் சாறும் கலந்திருக்கும். அவற்றைச் சிவப்புக் கூடையில் போட்டு, மாலையில் கிழித்துக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் கூடை எப்போதும் பாதிதான் கொட்டப்படும். வீட்டுக்கு எடுத்துப் போகாதவர் யாரும் இல்லை. மேற்பார்வையாளர் தலையைத் திருப்பிக்கொள்வார். மற்றவர்கள் சும்மா கிடைக்கிறது என்று எடுப்பார்கள். எனக்கு வேறு காரணம் இருந்தது. தண்ணீர் கலந்த பாக்கெட்டில் இனிப்பு பாதிதான் இருக்கும். குழந்தைக்கு ஜூஸ் கொடுத்தால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொடுக்க வேண்டும் என்று நான் படித்திருக்கிறேன். தொழிற்சாலையே கலந்து, சூடாக்கி, மூடியும் கொடுக்கிறது. இதைவிட நல்ல ஜூஸ் எந்தக் கடையிலும் கிடைக்காது என்று கணவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இயந்திர ஃபிட்டர் ஒருவர், நாங்கள் மெஷின் மாமா என்று கூப்பிடுபவர், ஒரு முறை குடித்துப் பார்த்துவிட்டு, "என்ன லேபம்மா இது, தண்ணி ஜூஸை எட்டிப் பார்த்துட்டு வந்த மாதிரி இருக்கு" என்று வாஷ் பேசினில் ஊற்றினார். அவருக்குச் சர்க்கரைப் பழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சம்பவத்துக்கு ஐந்து நாள் முன்பு, வியாழக்கிழமை, ஆப்பிள் முடிந்து ஆரஞ்சு மாறும் நாள். என் முறை இரண்டரை மணிக்கு முடியும். இரண்டு பத்துக்குத் தொட்டியில் தண்ணீர் பிடித்துச் சோதித்தேன், நிறம் மாறவில்லை. சூடாக்கியில் சோதித்தேன், நிறம் மாறவில்லை. மூக்குகள் இருக்கும் அறைக்குள் போவதென்றால் செருப்பை மாற்றி, தொப்பியும் மேலங்கியும் போட்டு, முழங்கைவரை கழுவ வேண்டும். அதற்கே ஏழெட்டு நிமிடம் ஆகும். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டால் மகனை அழைக்க ஒரு மணி நேரம் தாமதமாகும். அந்த ஒரு மணி நேரத்தில் பட்டனம்மா கடை ஜூஸ் எதையாவது கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஆகவே ஆய்வகத்தில் உட்கார்ந்தபடியே மூன்றாவது கட்டத்திலும் 'நிறம் மாறவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்கு முன்பும் இப்படிச் செய்ததுண்டு. எத்தனை முறை என்று என்னால் சொல்ல முடியாது. ஒருமுறை அல்ல.

இரண்டு இருபதுக்குச் சிவப்புக் கூடை வெளியே வந்தது. நான் நான்கு பாக்கெட்டுகளை எடுத்தேன். எடுக்குமுன் ஐந்தாவது ஒன்றை உடைத்து, இனிப்பு எவ்வளவு என்று கருவியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டுக்குப் பதில் ஆறு காட்டியது. சரியான பாதி என்று சந்தோஷப்பட்டேன். சர்க்கரையை அளந்தேன். சோடாவை அளக்கவில்லை. அதைத்தான் ஏற்கெனவே இல்லை என்று எழுதியாகிவிட்டதே. என் கையெழுத்தை நானே நம்பினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு பாக்கெட் கொடுத்தனுப்பினேன். குடித்தான், ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை இரண்டாவது, ஒன்றும் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றாவதை அவன் பையில் வைத்தேன். பகல் பதினொன்று இருபதுக்கு ஆய்வகத்தில் இருந்தபோது பட்டனம்மாவிடமிருந்து அலைபேசி அழைப்பு வந்தது. இந்த அழைப்பைப் பற்றி என் புகாரில் ஒரு வரிகூட இல்லை. ஆய்வாளர் அம்மா நேரடியாகக் கேட்டபோது, "எத்தனை மணிக்குக் கூப்பிட வருவீங்கன்னு கேட்டாங்க, அவ்வளவுதான்" என்று சொன்னேன். உண்மையில் நடந்த பேச்சு இது.

"அம்மா, தம்பி ஒரு வாய் வச்சிட்டுத் துப்புறான். நானும் ஒரு வாய் வச்சுப் பார்த்தேன், சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கு. கீழ ஊத்திடட்டுமா?"

"சர்க்கரை இல்லாத ஜூஸ் அப்படித்தான் இருக்கும். நீங்க கடை ஜூஸைக் கொடுத்துக் கொடுத்துதான் அவன் நாக்கு இப்படிக் கெட்டுப்போச்சு."

"இல்லம்மா, நேத்து குடிச்சானே. இன்னிக்கு வேற மாதிரி…"

"பட்டனம்மா, இதைப் படிச்சவ நானா, நீங்களா? போனை அவன் காதுல வைங்க."

அவர் வைத்தார். அவன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. நான், "அம்மா சொல்றேன்ல கண்ணா, சமத்தா ஒரே மூச்சுல குடிச்சிடு" என்றேன். அவன் "ம்" என்றான். அதன் பிறகு நான் அழைப்பைத் துண்டித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அந்த அழைப்பு ஒரு நிமிடம் நாற்பது விநாடி. மறுநாள் அதை என் அலைபேசியிலிருந்து அழித்தேன். தொலைபேசி நிறுவனத்தில் பதிவு இருக்கும்.

பதினைந்து நிமிடத்தில் தையல் கடைக்காரர் அழைத்தார். நான் மருத்துவமனைக்குப் போனபோது பட்டனம்மா செருப்பில்லாமல் அவசரப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். மற்ற ஐந்து குழந்தைகளையும் தையல்காரரிடம் விட்டிருக்கிறார். மகனின் உதடுகள் வீங்கி, நாக்கும் கன்னத்தின் உட்புறமும் வெந்து வெளுத்திருந்தன. டாக்டர், "காஸ்டிக் மாதிரி ஏதோ வாயில போயிருக்கு. பாத்ரூம் கழுவுறது ஏதாவது எட்டுற இடத்துல இருந்துச்சா?" என்று கேட்டார். காஸ்டிக் என்ற சொல் காதில் விழுந்த அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது என்று நான் சொல்ல முடியாது. என் கணவர் பட்டனம்மாவின் பக்கம் திரும்பி, "பாத்ரூம்ல என்ன வச்சிருக்கீங்க?" என்று கத்தினார். அவர் பொய் சொல்லத் தெரியாமல், "தரை கழுவுற பாட்டில் ஒண்ணு இருக்குங்க, ஆனா மேல் தட்டுல…" என்றார். கணவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பட்டனம்மா என்னைப் பார்த்தார். நான் மகனுக்குப் போர்த்தியிருந்த துணியைச் சரி செய்தேன். அந்தத் துணி சரியாகத்தான் இருந்தது.

அன்று மாலை கணவரோடு வந்து புகார் கொடுத்தேன். கவனக்குறைவாக வைத்திருந்த தரை கழுவும் திரவத்தைக் குழந்தை குடித்துவிட்டதாகவும், அதை மறைக்கப் பட்டனம்மா ஜூஸ் மேல் பழி போடுகிறார் என்றும் எழுதச் சொன்னேன். அந்த இரண்டாவது வரியைக் கணவர் சொல்லவில்லை, எழுத்தரும் சொல்லவில்லை. நானே யோசித்துச் சொன்னேன். அதன் பிறகு பட்டனம்மா மீது வழக்குப் பதிந்து, காப்பகம் பூட்டி முத்திரை வைக்கப்பட்டது. மற்ற ஐந்து தாய்மார்களில் இரண்டு பேர் மருத்துவமனைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை, நீங்க படிச்சவங்க, கண்டுபிடிச்சீங்க" என்றார்கள். நான் அவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் எங்கள் இருவரையும் இந்த அறையில் எதிரெதிரே உட்காரவைத்து விசாரித்தீர்கள். பட்டனம்மா, "நான் போன் பண்ணிக் கேட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னார். எத்தனை மணிக்கு வருவேன் என்று கேட்டதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்கவில்லை என்றேன். அவர் நாக்கை நீட்டிக் காட்டினார். நுனியில் வெள்ளையாக ஒரு புண் இருந்தது. எழுத்தர், அவர் எனக்குப் பழிப்புக் காட்டுகிறார் என்று நினைத்து, "இதென்ன சின்னப்புள்ளத்தனம்? நாக்கை உள்ள இழுங்க" என்று அதட்டினார். அந்தப் புண் எதனால் வந்தது என்று அந்த அறையில் எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். அவர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் விடுப்புத் தாளில் கையெழுத்து வாங்கத் தொழிற்சாலைக்குப் போனேன். மெஷின் மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அஞ்சாம் மூக்கைக் கழட்டினேன் லேபம்மா. உள்ள ரப்பர் வாஷர் கிழிஞ்சு மடங்கிக் கிடக்கு, பின்னாடி சோடா பூத்துப்போய் வெள்ளையா நிக்குது. அலசுற தண்ணி அங்க போயிருக்கவே முடியாது. ஆனா உங்க தாள்ல நிறம் மாறலைன்னு இருக்கே? இது என் தலையில விடியுமா, உங்க தலையிலயா?" என்று கேட்டார். நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த வியாழக்கிழமை அடைத்த மற்ற பாக்கெட்டுகள் எதிலும் குறையில்லை என்று அவர் சொன்னதால், கடைக்குப் போனவற்றை எடுத்துக் கம்பெனியில் சோதித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். சிவப்புக் கூடையைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றும் நான் இங்கே வரவில்லை.

நேற்று மகனின் வாய் ஆறியிருந்தது. உணவுக்குழாயில் காயம் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஸ்பூனால் பால் குடித்தான். மாலை ஐந்து மணிக்கு, உதிரி பாகங்கள் விற்பதற்காக வெளியூர் போயிருந்த கணவர், மகனோடு பேச வேண்டும் என்று என் அலைபேசிக்கு அழைத்தார். நான் அதை மகனின் காதில் வைத்தேன். அவன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். "அப்பாதான் கண்ணா, பேசு" என்றேன். அவன் இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினான். அலைபேசியை எடுத்தேன், கையை இறக்கினான். திரும்ப வைத்தேன், திரும்பப் பொத்தினான். மூன்றாவது முறை நான் வைக்கவில்லை. கையில் அலைபேசியை எடுத்துக் காட்ட மட்டும் செய்தேன். அதற்கே பொத்திக்கொண்டான்.

கணவர், "என்ன, பேச மாட்டேங்கிறானா? யார் மேல கோபம்?" என்று சிரித்தார். நான் அதே அழைப்பில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை முடிக்க விட்டார். அதன் பிறகு, "அந்தம்மாவை நான் பேசவே விடலையே" என்றார். அதன் பிறகு, "நாளைக்கு அவங்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. விடிஞ்சதும் நீ போ" என்றார். அவர் சொன்னதால் வந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மகன் இன்னொரு முறை வாயைப் பொத்திக்கொள்வதைப் பார்க்க முடியாமல் வந்தேன் என்பதே சரி.

நான்காவது பாக்கெட் எங்கள் குளிர்ப்பெட்டியில் காய்கறிகளுக்குப் பின்னால் இருந்தது. பதினொரு நாளும் அதைக் கொட்டாமல் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. இன்று துணிப்பையில் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறேன். அது எந்த மூக்கிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். பட்டனம்மாவின் வீட்டில் எடுத்த தரை கழுவும் பாட்டிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் மகனுக்கு அவர் நான் அனுப்பியதைத்தான் கொடுத்தார். கொட்டிவிடட்டுமா என்று கேட்டவர் அவர். குடிக்கச் சொன்னவள் நான். பொய்ப் புகார் கொடுத்ததற்கும், சோதனை செய்யாமல் எழுதியதற்கும், சட்டப்படி என்ன உண்டோ அதற்கு உட்படுகிறேன். கைப்பற்றிய பொருட்களை அவரிடம் திருப்பிக் கொடுக்கும்போது நான்காவதாக உள்ள என் ஏழு விதிகளை மட்டும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுத என்னை எவரும் தூண்டவோ மிரட்டவோ இல்லை. எழுதி முடித்தபின் முதல் வரியிலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். நானே நேரில் கண்டு, கேட்டு, செய்தவற்றை மட்டுமே எழுதியிருக்கிறேன். போய்ப் பார்க்காமல் எழுதிய வரி இதில் ஒன்றும் இல்லை.

(கையொப்பம்)

என் முன்னிலையில் அவர் கைப்பட எழுதப்பட்டது. ஒரு பாக்கெட், பிரிக்கப்படாதது, பெற்றுக்கொள்ளப்பட்டது.

(ஆய்வாளர்)